பக்கத்து சீட்

"லாரி மோதி ஆறு மாசம் ஆச்சு டாக்டர். இவ இன்னும் அதுலேருந்து மீளலை" என்று ஆரம்பித்தான் கணவன். மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பண்றாங்க?" என்றார் டாக்டர்.

"நான் கார் ஓட்டும்போது எதிர்ல லாரி வந்தா போதும், கத்தி ஊரைக் கூட்டுறா. என் தோளைப் புடிச்சு உலுக்குறா. ராத்திரியில தூங்காம எழுந்து உட்கார்ந்துக்கறா. மனசுல தெம்பு வேணும் டாக்டர். என்னைப் பாருங்க, கட்டுப் பிரிச்ச அன்னிக்கே வண்டியை எடுத்துட்டேன். நமக்கு இந்த வியாதியெல்லாம் கிட்டவே வராது." காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

டாக்டர் மனைவியிடம் திரும்பினார். "உங்களுக்கு எங்கம்மா அடி பட்டுச்சு?"

"நான் அன்னிக்கு வண்டியிலேயே இல்லை டாக்டர்."

டாக்டரின் பேனா நின்றது. "அப்புறம் ஏம்மா தூக்கம் வரலை?"

"பக்கத்துல படுத்துக்கிட்டு இவர் 'லாரி, லாரி'ன்னு அலறினா எப்படி டாக்டர் வரும்?"

"கனவெல்லாம் ஒரு கணக்கா டாக்டர்?" என்று கணவன் சிரித்தான்.

"சரிம்மா, கார்ல எதுக்குக் கத்துறீங்க?"

"எதிர்ல லாரியைப் பார்த்ததும் இவர் கண்ணை இறுக்கி மூடிக்கிறார் டாக்டர். வண்டி அது பாட்டுக்குப் போயிட்டிருக்கு."