காசில் யார் முகம்?

"பறவையும் வேணாம், பூவும் வேணாம். இந்த நாட்டுக்காக உழைச்ச ஒரு மனுஷ முகத்தைச் சொல்லுங்கய்யா!" என்று தலைவர் மேசையைத் தட்டினார். மேசையிலிருந்த டீ டம்ளர்கள் எழுந்து நின்று மரியாதை செய்துவிட்டு மறுபடி உட்கார்ந்தன.

நினைவு நாணயத் தேர்வுக் குழுவில் மொத்தமே நாலு பேர். தலைவர், வரலாறு சொல்வதற்கு வாத்தியார், அச்சு வெட்டுவதற்குச் சிற்பி. விநியோகத்தைக் கவனிப்பவர் தலைவரின் மனைவி, குழுவுக்கே அண்ணி. பக்கத்து அறையில் இயந்திரம் எண்ணெய் குடித்துவிட்டுத் தயாராக நின்றது.

"சாயங்காலத்துக்குள்ள அச்சு ரெடியாகணும். முடிவுக்கு வரலைன்னா பழைய டிசைனையே அடிச்சுட்டுப் போயிடுவேன்" என்றார் தலைவர்.

சிற்பி துள்ளி எழுந்தான்.

"அப்படிச் சொல்லாதீங்க தலைவரே! உளி பிடிச்ச நாள்லேருந்து அடுத்தவன் வரைஞ்சதையே பார்த்துப் பார்த்து வெட்டிட்டிருக்கேன். என் மனசுல இருந்து ஒண்ணு, ஒரே ஒண்ணு வெட்டிட்டேன்னா போதும். அப்புறம் நீங்க கழுதையை வெட்டச் சொன்னாலும் வெட்டறேன்."

"கழுதை நல்லாத்தான் உழைக்கும்" என்றார் வாத்தியார் யோசனையுடன்.

"வாத்தியாரே!"

"சரி, கோபப்படாதே. அணை கட்டின இன்ஜினியரைப் போடலாமா? பாதி நாட்டுக்குத் தண்ணி குடுத்தவர்."

"மீதிப் பாதிக்கு?" என்றாள் அண்ணி. "குழாயில தண்ணி வராத ஊர்ல அந்த முகத்தை நீட்டிப் பாருங்க, காசையும் வாங்க மாட்டான், நம்மளையும் விட மாட்டான்."

"அப்ப கொசுக் காய்ச்சலை ஒழிச்ச டாக்டரம்மா?" என்றார் வாத்தியார்.

சிற்பி தலையைச் சொறிந்தான். "பெரிய மனுஷிதான். ஆனா மூக்குக் கண்ணாடி, கொண்டை, கழுத்துல அந்தக் குழாய்... இத்தனூண்டு வட்டத்துக்குள்ள எப்படி அடைக்கறது? கொஞ்சம் தேய்ஞ்சா அவங்களே கொசு மாதிரி ஆயிடுவாங்க."

அடுத்து யாரோ "கவிஞர்" என்றார்கள். அதுதான் தப்பு. ஆளுக்கொரு கவிஞர் வைத்திருந்தார்கள். வாத்தியார் நாற்காலி மேல் ஏறித் தன்னுடைய கவிஞரை உரக்க ஒப்பிக்க, தலைவர் அதற்கு மேல் உரக்கத் தன்னுடையவரை ஒப்பிக்க, அண்ணி ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள்.

"சத்தம் தெருவரைக்கும் போகுது! நாட்டுப்பற்றை மெதுவாக் காட்டுங்க!"

"பேசாம பழைய டிசைனே..." என்று தலைவர் எழுந்தார்.

"கண்டக்டர்!" என்று சிற்பி அலறினான்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"எந்தக் கண்டக்டர்?"

"டவுன் பஸ் கண்டக்டர்தான்! படிக்கட்டுல ஒரு கால், கம்பியில ஒரு முழங்கை, விரலிடுக்குல டிக்கெட், வாயில விசில்!" சிற்பிக்கு மூச்சு வாங்கியது. "எனக்கு அன்னைக்குப் பரீட்சை. புத்தகப் பையோட தெருமுனையிலேருந்து ஓடி வரேன். பஸ் முழுக்க 'போலாம் போலாம்'னு கத்துது. அந்தக் கண்டக்டரம்மா விசிலை வாயில வெச்சுக்கிட்டே நிக்கறாங்க, ஊதவே மாட்டேங்கறாங்க! நான் ஏறின பிறகுதான் ஊதினாங்க. அந்த முகம் அப்படியே இருக்கு தலைவரே, இங்கே."

நெஞ்சைத் தொட்டுக் காட்டியவன், பென்சிலை எடுத்து ஒரு வட்டத்துக்குள் பரபரவென்று வரைந்தான். கன்னம் உப்பிய ஒரு முகம், ஊதத் தயாரான விசில், கம்பியைப் பிடித்த கை.

வாத்தியார் நாற்காலியிலிருந்து இறங்கினார்.

"அடடா! ராஜாக்களெல்லாம் நாட்டை எங்கெங்கேயோ கொண்டுபோய் விட்டாங்க. இவங்க மட்டும்தான்யா சரியா ஸ்டாப்புல இறக்கி விட்டிருக்காங்க!"

"பரீட்சையில பாஸா?" என்று கேட்டாள் அண்ணி.

"அது வேற விஷயம் அண்ணி."

அண்ணி படத்தை வாங்கிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் விளக்குப் போட்டது போல் ஆனது. தலைவரின் கையைப் பிடித்து உலுக்கினாள். "ஏங்க, இதுதாங்க! யோசிக்கவே யோசிக்காதீங்க! இதைவிட்டா நமக்கு வேற ஆளே கிடையாது!"

தலைவர் கண்ணை மூடினார். சிற்பி மூச்சை நிறுத்தினான். தலைவர் கண்ணைத் திறந்தார்.

"வெட்டு!"

சிற்பி வாத்தியாரைக் கட்டிப்பிடித்து அவர் வழுக்கையில் முத்தமிட்டான். அப்புறம் சாப்பிடவில்லை, பேசவில்லை. பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தவன், வெயில் சாயும்போதுதான் நிமிர்ந்தான். இயந்திரம் ஒரு உறுமு உறுமி முதல் காசைத் துப்பியது. சூடு ஆறாத அந்தக் காசை நான்கு தலைகளும் முட்டிக்கொண்டு பார்த்தன. கண்டக்டரம்மா இப்போதே ஊதிவிடுவாள் போலிருந்தாள். சிற்பி தேம்பித் தேம்பி அழுதான்.

"இதுக்குத்தான்யா பொறந்தேன்!"

வாத்தியாருக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. "எல்லாம் சரி தலைவரே... இப்படி ஒரு காசை அரசாங்கம் வெளியிடவே இல்லைன்னு எவனாவது கண்டுபிடிச்சுட்டா?"

"ஊர்ல காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நம்ம சரக்கை மூஞ்சியில எறியறது கண்டக்டருங்கதான். தன் படத்தையே எறிய யாருக்குய்யா மனசு வரும்?" என்றபடி தலைவர் முதல் காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அப்படியே எவனாவது கள்ளக்காசுன்னு சந்தேகப்பட்டாலும், பக்கத்துல வெச்சுப் பார்க்க நல்ல காசு ஒண்ணு இருந்தாத்தானே!"