ஊட்டிக்குப் போன வகுப்பு

கோவளத்துக் காற்று ஏழாம் வகுப்புக்குள் மணலைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருக்கிறது. 'எனக்கு நேர்ந்த ஒன்று' என்று கரும்பலகையில் தலைப்பு எழுதிவிட்டு, பெரிதாக ஏதோ சாதித்த மிதப்பில் பெஞ்சு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டு போகிறேன். சொந்தக் கதை எழுதச் சொன்னால் பாதி வகுப்பு ஊட்டிக்குச் சுற்றுலா போயிருக்கிறது. அத்தனை பேரும் ஒரே பேருந்தில், ஒரே ஜன்னலோரத்தில். "நீ எப்படா ஊட்டிக்குப் போன?" என்று தர்மராஜைக் கேட்கிறேன். "நான் எங்க சார் போனேன்? கைடுதான் போய்கீது," என்கிறான். வகுப்பே சிரிக்கிறது. "இனிமே எவனாவது கைடைத் தொட்டா கையை ஒடிச்சிருவேன்," என்று கத்தும்போது எனக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. கடைசி பெஞ்சில் கோகிலா மட்டும் தன் கதையை எழுதியிருக்கிறாள். போன வாரம் கடலுக்குப் போன அவள் அப்பா தேசப்பனின் படகு இன்னும் கரைக்கு வரவில்லை, ஊரே தேடிக்கொண்டிருக்கிறது. அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் படகுக்கு ஓடியதுவரை எழுதிவிட்டுப் பேனா மூடியைக் கடிக்கிறாள். "முடிவுரை இன்னா சார் எழுதறது?" ஜன்னல் கதவு அடித்துக்கொள்கிறது. பக்கத்திலிருக்கும் வைஷாலி, உதவும் அவசரத்தில், "'அனைவரும் மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம்'னு போடுடி. கைடுல அப்டிதான் கீது," என்கிறாள். கோகிலா என்னைப் பார்க்கிறாள். "போடலாமா சார்?" கையை ஒடிக்கிற வாத்தியார் சரியென்று தலையை ஆட்டுகிறேன். அவள் குனிந்து, 'அனைவரும்' என்பதை விட்டுவிட்டு, 'அப்பா' என்று தொடங்குகிறாள்.