நூற்றைம்பதாவது புறப்பாடு

மேனேஜர் அந்தப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பெட்டிக்குச் சொந்தக்காரர் அதன் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

“பெட்டியைக் குடுங்க சார். நான் வீட்டுக்குப் போறேன்.”

“நீங்க ப்ளேன்ல ஏறாம பெட்டி கிடைக்காது,” என்றார் மேனேஜர். இருபது வருட உத்தியோகத்தில் ஒரு பயணியிடம் அவர் இப்படிப் பேசுவது இதுதான் முதல் தடவை.

அவருக்கும் வேறு வழி இல்லை. அந்த விமான நிலையத்தில் இருப்பதே ஆறு கேட். அதற்கு ஆலாய்ப் பறக்கும் கம்பெனிகள் ஒன்பது. ஆறு மாதத்தில் ஒரு கேட்டிலிருந்து நூற்றைம்பது தடவை விமானம் கிளப்பாத கம்பெனியிடமிருந்து கேட்டைப் பிடுங்கி, வரிசையில் நிற்கும் அடுத்த கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார்கள். காலியாகப் பறந்தால் கணக்கில் சேராது. ஒரு பயணியாவது இருக்க வேண்டும், அதுவும் கம்பெனி ஆளாக இருக்கக் கூடாது.

மேனேஜர் கம்பெனியின் மூன்றாம் நம்பர் கேட்டில் இதுவரை நூற்று நாற்பத்தொன்பது. கெடு இன்று பகல் பன்னிரண்டு மணி. இப்போது பதினொன்றேகால். இந்த விமானம் போகும் ஊருக்குப் புது ரயில் விட்ட பிறகு இதை யாரும் சீந்துவதில்லை. இன்றைக்கு டிக்கெட் வாங்கியிருந்தது இந்த ஒரே ஆத்மாதான். கேட் போனால் கிளையை மூடிவிடுவார்கள். மேனேஜரோடு சேர்த்து இருபத்திரண்டு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும்.

அந்த ஆத்மாவோ, கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன மனைவியைச் சமாதானப்படுத்தக் கிளம்பியவர். கேட் வரை வந்த பிறகு மனைவியிடமிருந்து போன் வந்துவிட்டது.

“வந்தா கதவைத் திறக்க மாட்டேன்னுட்டா சார். அப்புறம் நான் எதுக்குப் போகணும்?”

“வராதீங்கன்னா வாங்கன்னு அர்த்தம் சார். எனக்குக் கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு, என்னை நம்புங்க.”

பக்கத்தில் ஒருவர் டேப் வைத்துச் சுவரை அளந்துகொண்டிருந்தார். வரிசையில் அடுத்து நிற்கும் கம்பெனியின் மேனேஜர். பேச்செல்லாம் தித்திப்பாக இருக்கும் என்பதால் அவருக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் சர்க்கரை. கேட் கைக்கு வந்ததும் மாட்டவேண்டிய பெயர்ப் பலகைக்குத்தான் அந்த அளவு.

“அவர் இஷ்டத்துக்கு விட்டுடுங்கண்ணே,” என்றார் சர்க்கரை. “பாவம், குடும்பஸ்தர்.”

மேனேஜர் பெட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டார். பதில் சொல்வதற்குள் பைலட் ஒரு தாளோடு வந்து நின்றார். கிளைக்கு இருப்பது ஒரே விமானம், அதற்கு இவர் ஒரே பைலட்.

“சார், ஒரு கையெழுத்து.”

எரிபொருள், வானிலை என்று தினம் நாலு தாள் கொண்டுவருவார். மேனேஜர் எதையும் படித்ததில்லை. பிடியை விடாமல், பெட்டியின் மேலேயே தாளை வைத்துக் கிறுக்கிக் கொடுத்தார். பைலட் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, “ரொம்ப நன்றி சார்,” என்றார். ஏழு வருடமாகத் தலையசைப்போடு நிறுத்திக்கொள்கிற மனிதர் கைகுலுக்கியதில் மேனேஜருக்குப் புதுத் தெம்பு வந்தது.

“உங்க வீட்டம்மா நம்பரைப் போடுங்க. நானே பேசறேன்.”

பயணி தயங்கித் தயங்கிப் போட்டுக் கொடுத்தார்.

“அம்மா, நான் ஏர்லைன்ஸ் மேனேஜர் பேசறேன். உங்க வீட்டுக்காரர் இங்க கண்கலங்கி நிக்கறாரும்மா.”

பயணி தன் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காய்ந்துதான் இருந்தது.

“நல்லா நிக்கட்டும்,” என்றது போன். “இருக்கறதுலயே மலிவான டிக்கெட்டா பார்த்துப் போட்டிருப்பார். வடிகட்டின கஞ்சன்.”

“அப்படிச் சொல்லாதீங்கம்மா. இந்த ப்ளேன்ல அவரைத் தவிர வேற யாருமே கிடையாது.”

போனில் குரல் சட்டென்று இறங்கி வந்தது. “எனக்காகத் தனி ப்ளேன்லயா வர்றார்?”

மேனேஜர் தன் மனசாட்சியை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார். “அவர் ஏறலைன்னா இந்த ப்ளேன் கிளம்பாதும்மா.”

“அந்த மனுஷனுக்குள்ள இவ்வளவு இருக்கா? சரி, வரச் சொல்லுங்க. நான் சமையலை ஆரம்பிக்கறேன்.”

பயணி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். இந்தத் தடவை பெட்டியை இழுக்கவில்லை, மரியாதையாக வாங்கிக்கொண்டு விடுவிடுவென்று நடந்துபோய் ஏறினார். மணி பதினொன்று முப்பத்தைந்து.

மேனேஜருக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. இருபத்திரண்டு பேருக்கும் நாளைக்கு வேலை இருக்கிறது. கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சர்க்கரை பக்கம் திரும்பினார்.

“பலகை மாட்ட வேற சுவர் பாருங்க தம்பி.”

“அளவு எடுத்தாச்சுண்ணே,” என்றார் சர்க்கரை, டேப்பை நிதானமாகச் சுருட்டியபடி.

அப்போது விமானப் பணிப்பெண் வேகமாக வந்தாள். “சார், பயணி பெல்ட் போட்டு ரெடியா இருக்கார். பைலட் இன்னும் வரலையே?”

மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார். சர்க்கரைக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பைலட் காபி குடித்துக்கொண்டிருந்தார். தலையில் சர்க்கரை கம்பெனியின் நீலத் தொப்பி, விலைச்சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.

“என்ன சார் இது, விளையாடற நேரமா? போய் ஏறுங்க.”

பைலட் எழுந்து நின்று, எப்போதும்போல் மரியாதையாகத் தலையசைத்தார்.

“பெட்டி மேல வச்சு நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டீங்க, என் ராஜினாமாவுல.”