ஓரத்தில் நின்ற மச்சினன்

லென்ஸை முழு அகலத்துக்குத் திருப்பினால் ஓரத்தில் இருப்பதையெல்லாம் அது இழுத்து நீட்டிவிடும். புகைப்படக்காரர் தலைபாடாக அடித்துக்கொண்டும், அவர் மச்சினன் ஏரிப் படத்தின் இடது ஓரத்தில்தான் போய் நின்றான். மலையின் பிரம்மாண்டம் தெரிய ஓர் ஆள் வேண்டுமாம்.

வீடு திரும்பியதும் அவனுடைய முழுக்கைச் சட்டையில் ஒரு பக்கக் கை மட்டும் முழங்கையோடு நின்றது.

"தொவைச்சதுல சுருங்கியிருக்கும்டா," என்றாள் அவன் அக்கா.

"ஒரு கை மட்டுமா சுருங்கும்? என்ன மாமா இது?"

புகைப்படக்காரர் கணினி முன் உட்கார்ந்தார். படத்திலும் அவனுடைய அந்தக் கை இழுபட்டு நீண்டுதான் இருந்தது. லென்ஸ் கோணலைச் சரிசெய்யும் கட்டத்தில் டிக் போட்டார்.

"சரியாப் போச்சு மாமா!" என்று பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது.

கையோடு கையாக, படத்தில் சாய்ந்திருந்த மரங்களையும் நிமிர்த்தினார். நிமிர்த்தும்போது ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும். எப்போதும் நடப்பதுதான்.

"என்னங்க, தம்பி எங்க? இப்பத்தானே இங்க நின்னு பேசிக்கிட்டிருந்தான்!"

அவர் அவசரமாகப் பழைய படத்தையே திரும்பக் கொண்டுவந்தார். வெட்டுப்பட்ட ஓரம் முழுசாக வந்தது. ஏரி இருந்தது, மலை இருந்தது. இடது ஓரத்தில், இரண்டு பாதங்கள் அளவுக்குப் புல் மிதிபட்டுக் கிடந்தது.