குஸ்மாவின் வவுச்சர்

கவுன்டரில் இருந்த பெண் போனைக் கருவிக்கு நேரே காட்டினாள். பீப் என்றது. போன் தோத்தாராமின் கைக்குத் திரும்பி வந்தது.

அவன் நீட்டிய கையை மடக்கவில்லை.

"பணம்?"

"காலையிலேருந்து நீங்க ஆறாவது ஆளு," என்றாள் அவள். "ஸ்கேனே சும்மாதான் எடுக்கறோம். கரும்பு தின்னக் கூலி வேறயா? போய் உக்காருங்கண்ணே."

வேறு நேரமாக இருந்தால் மனைவி குஸ்மாவைக் கையோடு இழுத்துக்கொண்டு கிளம்பியிருப்பான். அதற்குள் அவளை உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள்.

பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தான்.

பனிமூட்டத்தில் பதினேழு கிலோமீட்டர். சித்தப்பா மகனிடம் கெஞ்சி வாங்கிய பைக். அதற்கு வாடகை, நாளைக் காலை அவன் வீட்டுக் கரும்பை டிராக்டரில் ஏற்றிக் கொடுப்பது. எல்லாம் எதற்கு? அந்தப் பணத்தில் ராம்பூரிலிருந்து ஒரு ஜோடி வெள்ளைப் புறா வாங்குவதற்கு. மொட்டை மாடியில் ஏற்கெனவே இருபத்திரண்டு புறாக்கள் இருப்பது வேறு விஷயம்.

வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அவனுடையது. அதில்தான் வவுச்சர் வந்து விழுந்தது. கட்டம் கட்டமாய்க் கறுப்புப் புள்ளி, கீழே குஸ்மாவின் பெயர். அரசாங்கத்திலிருந்து எது வந்தாலும் ஹர்பாலின் கடைக்குப் போய்க் கட்டைவிரலை வைக்க வேண்டும், அவன் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை எண்ணிக் கொடுப்பான் என்பதுதான் அவர்கள் ஊர் வழக்கம். தோத்தாராமும் போய் விரலை நீட்டினான்.

ஹர்பால் விழுந்து விழுந்து சிரித்தான். "அடேய், இது உன் பொண்டாட்டி வயித்துக்கு வந்தது. உன் புறாவுக்கு வந்ததில்ல. கொட்டிக் கவுத்தாலும் இதுலேருந்து ஒரு காசு விழாது."

மருந்துக் கடையிலும் கேட்டுப் பார்த்தான். அவர்களும் கையை விரித்தார்கள். சீ, இந்தப் பழம் புளிக்கும் என்று விட்டுவிட்டான்.

நேற்று சாயங்காலம்தான் குஸ்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வயித்துக்காரி நேர்ல போனாத்தான் தருவாங்களாம். ஸ்கேன் எடுக்கற எடத்துலயே, கையில. நாளையோட தேதி முடியுதாம்."

"யாரு சொன்னா?"

"ஆஷா அக்கா."

வீடு வீடாக வந்து கர்ப்பிணிகளைப் பார்க்கும் ஆஷா அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினான். இப்போது அந்த ஆஷா அக்காவை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று பல்லைக் கடித்தான்.

பக்கத்தில் நிறைமாதப் பெண் ஒருத்தி மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் வண்டியை நிறுத்தப் போயிருந்தான்.

"கவலப்படாதீங்கண்ணே. அதான் வரிசையெல்லாம் பாக்காம அக்காவ மொதல்ல விட்டுட்டாங்களே," என்றாள்.

"நான் எதுக்குக் கவலப்படணும்?"

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நேத்துக் காலையிலேருந்து பிள்ள அசையலன்னு சொன்னாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

தோத்தாராம் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டான்.

நேற்று குஸ்மா வெல்லக்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு மத்தியானமெல்லாம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். சோம்பேறி என்று ஏசினான். வழி நெடுக ஒரு கையால் அவன் தோளையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு வந்தாள். பள்ளம் மேட்டுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தான்.

போன மாதமே அவள் ஸ்கேன் எடுக்கக் கூப்பிட்டாள். "எங்கம்மா எட்டுப் பெத்தா. ஒரு ஸ்கேன் எடுத்தாளா?" என்று அவள் வாயை அடைத்தான். எட்டில் தங்கியது மூன்று என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஸ்கேன் அறைக் கதவையே பார்த்தான். புறா, பைக், கரும்பு எல்லாம் மறந்துபோனது. சாமியைக் கும்பிட நினைத்தான், எந்தச் சாமியின் பெயரும் வாயில் வரவில்லை.

கதவு திறந்தது. டாக்டரம்மா எட்டிப் பார்த்தாள்.

"குஸ்மா வீட்டுக்காரர் யாரு? பயப்பட ஒண்ணுமில்லப்பா. நஞ்சுக்கொடி முன்பக்கமா ஒட்டியிருக்கு, அதான் இவளுக்கு அசைவு தெரியல. பிள்ள கல்லுக்குண்டாட்டம் இருக்கு, இதயத் துடிப்பு ஜோரா இருக்கு. ஆனா அசையலன்னா ஒரு நாள் காத்திருக்கக் கூடாது. உடனே கூட்டிட்டு வந்துரணும். புரியுதா?"

அவன் தலையை ஆட்டினான். போன உயிர் திரும்பி வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியதை மப்ளரால் துடைத்துக்கொண்டான்.

குஸ்மா வெளியே வந்தாள். அழுது முடித்த முகம், ஆனால் சிரித்தது.

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?" என்றான்.

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"



அப்போது கவுன்டரில் பீப் என்றது. பக்கத்திலிருந்த பெண்ணின் புருஷன், சாவியை விரலில் சுழற்றியபடி கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"பணம்?"

கவுன்டர் பெண் பெருமூச்சு விட்டாள். அந்த ஆள் முகம் கறுத்துத் திரும்பினான். "ஏமாத்துறாளுங்க. எந்திரிடி, வீட்டுக்குப் போலாம்."

நிறைமாதக்காரி தலையைக் குனிந்துகொண்டு முந்தானை நுனியைத் திருகினாள். குஸ்மாவும் அதேபோல வேறெங்கோ பார்த்தாள்.

தோத்தாராம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். காலையிலிருந்து ஆறு பேர். இவரோடு ஏழு.

அவன் போய் அந்த ஆளின் தோளில் கை வைத்தான்.

"இருங்கண்ணே, அவசரப்படாதீங்க. மொதல்ல ஸ்கேன் எடுக்கட்டும். பணம் அதுக்கப்புறம்தான் தருவாங்க."