தோட்டத்திலிருந்து தொண்டைக்கு

"சர்க்கரை ஏறிக்கிட்டே போகுது, கால் புண்ணும் ஆறலை. தினமும் என்ன குடிக்கிறீங்க பெரியவரே?" டாக்டர் கேட்டார்.

கட்டிலருகே இருந்த பச்சை பாட்டிலை அப்பா காட்டினார்.

"தண்ணிக்குப் பதிலா இதுதான். எலுமிச்சை ஜூஸ்தானே? 'தோட்டத்திலிருந்து நேரே தொண்டைக்கு'ன்னு டிவியில சொல்றாங்களே!"

"அதுல பழமே கிடையாது. முழுக்க சர்க்கரையும் எசென்ஸும்தான். இதை விடலைன்னா காலையே எடுக்க வேண்டி வரும்."

"சும்மா பயமுறுத்தாதீங்க."

டாக்டர் கட்டிலருகே நின்ற மகனிடம் திரும்பினார். "விளம்பரம் பொய்னு நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க தம்பி."

மகன் பாட்டிலை எடுத்து, லேபிள் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தான்.

அப்பா பெருமையாகச் சிரித்தார். "அவன் எப்படிச் சொல்வான்? அந்த விளம்பரத்தை எழுதினதே அவன்தான். என் பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது, டாக்டர்."