நிற்கிற வேலை

திரையில், செத்துப்போன பாடகர் தண்ணீர் குடித்தார். அரங்கம் கைதட்டியது.

அடுத்துத் துண்டால் கழுத்தைத் துடைத்தார். அதற்கும் தட்டினார்கள்.

கடைசி வரிசை ஓரத்தில் அவன் மட்டும் தட்டவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தன்னைத் தேடிக்கொண்டிருந்தான்.

நடக்காமலே போன கச்சேரி ஒன்றின் ஒத்திகைப் படம் அது. அந்த ஒத்திகை முழுக்க அவன் இருந்தான். அவனுக்கு நிற்கிற வேலை. விளக்குகளைத் திருப்பிச் சரிபார்க்கும்போது, பாடகர் நிற்கவேண்டிய இடத்தில் அவர் உயரத்துக்கு ஓர் ஆள் நிற்கவேண்டும். அவரே நின்றால் அவருக்குக் கால் வலிக்கும். இவனுக்கு வலித்தால் பரவாயில்லை என்பது ஏற்பாடு. மேடையில் எல்லோரும் அவனைக் கம்பம் என்றே கூப்பிட்டார்கள்.

"உங்கப்பாவுக்குச் சும்மா நிக்கத்தான் தெரியும். அதுக்கும் சம்பளம் குடுக்க ஒருத்தன் வந்தான் பாரு" என்று மகளிடம் அவள் அம்மா சொல்லியிருக்கிறாள். அம்மாவும் மகளும் வேறு வீட்டில் இருக்கிறார்கள்.

பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு அந்தப் பாடகர் என்றால் உயிர். அவர் செத்த அன்று அவள் சோற்றைத் தொடவில்லை. இவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சாப்பிட்டுவிட்டுத்தான் பார்க்க வந்தாள்.

அதனால்தான் வாய் சும்மா இருக்காமல், அந்தப் படத்தில் நானும் வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவைத்தான். அவள் அதை வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்தாள்.

இப்போது அவள் நான்கைந்து வரிசை முன்னால், தோழிகள் நடுவே இருந்தாள். எல்லோரும் கறுப்புச் சட்டை. வாசலிலேயே நிபந்தனை போட்டுவிட்டாள்.

"எங்ககூட உக்காராதீங்கப்பா, ப்ளீஸ். பின்னாடி உக்காருங்க. நீங்க வந்தவுடனே நான் திரும்பிப் பாத்துக் கைகாட்டறேன்."

ஆகவே ஒரு கண் திரையில், ஒரு கண் அவள் பின்தலையில்.

டிரம்ஸ்காரர் வந்தார். ஆடுகிற பெண்கள் வந்தார்கள். டீ கொண்டுவருகிறவர் இரண்டு முறை வந்தார். இரண்டாம் முறை பேட்டியே கொடுத்தார். பாடகரின் நாய்க்கு க்ளோசப் இருந்தது. அந்த நாயைப் பிடித்துக்கொண்டு நின்றது யார் என்பது, கயிற்றின் மறுமுனையைக் காட்டியிருந்தால் தெரிந்திருக்கும். கயிறு திரையின் ஓரத்தோடு முடிந்துபோனது.

மகளின் தலை திரும்பவில்லை. ஒருமுறை அசைந்தது. பாப்கார்னுக்காக.

கடைசிக் காட்சி வந்தது. இசை நின்றது. இருட்டு மேடை. ஒரே ஒரு நீல விளக்கு. வெள்ளிக் கோட்டு மாட்டிய, முதுகு மட்டும் தெரிகிற உருவம். அது மெல்ல வலது கையை எடுத்து, ஒற்றை விரலை மேல்நோக்கி உயர்த்தியது. காட்சி அப்படியே உறைந்தது. கீழே பிறந்த வருடம், இறந்த வருடம்.

அரங்கம் உடைந்து அழுதது. பக்கத்து இருக்கைக்காரர், முன்பின் தெரியாதவர், அவன் தோளில் சாய்ந்துகொண்டு, "போகப்போறது அவருக்குத் தெரிஞ்சிருக்கு சார்" என்றார்.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். மகளின் தலையையே பார்த்தான்.

அவள் திரும்பவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

வெளியே வெயிலில் கண் கூசியது. சுவரோரமாக நின்றான். நிற்பதில் அவனுக்கு அனுபவம் உண்டு.

தோழிகளில் ஒருத்தி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அங்கிள், நீங்க எப்ப வந்தீங்க? நான் கண் சிமிட்டின நேரத்துலயா?"

மற்றவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். மகள் தன் செருப்பைப் பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவன் பக்கத்தில் வந்தாள்.

"எந்த இடத்துலப்பா? நான்தான் கவனிக்காம விட்டுட்டேனா?"

அவன் வாயைத் திறந்தான்.

"கடைசியில அவர் விரலத் தூக்கினார்ல" என்றாள் அவளே. "எனக்கு மட்டும் ஏதோ சொல்லிட்டுப் போன மாதிரி இருந்துதுப்பா."

திறந்த வாயை வேறு எதற்காவது பயன்படுத்தவேண்டியிருந்தது. "என்னை வெட்டிட்டாங்க போலடா" என்றான்.

மகள் ஒரு நொடி அவனைப் பார்த்தாள். அவள் அம்மா பார்க்கிற பார்வை. பிறகு பாவம் பார்த்து, அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "சரி விடுங்க. போட்டோவுக்காவது வாங்க."

கறுப்புச் சட்டைகள் வரிசையாக நின்று ஆளுக்கொரு விரலைத் தூக்கின. ஓரத்தில் அவனும் தூக்கினான்.

கைப்பேசியில் பார்த்த மகள் முகம் சுளித்தாள்.

"ஐயோ அப்பா, ஹோட்டல்ல ஆர்டர் குடுக்கிற மாதிரி இருக்கு. அவர மாதிரி தூக்குங்க."

"சரிடா" என்று இன்னும் கொஞ்சம் உயர்த்தினான்.

நீல விளக்கைச் சரிபார்த்த அன்று பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒத்திகைக்கு அவர் வரவேயில்லை. வெள்ளிக் கோட்டு விளக்கில் எப்படி மின்னும் என்று பார்ப்பதற்காக அதைக் கம்பத்துக்கு மாட்டிவிட்டிருந்தார்கள். மேலே விளக்குகளுக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருந்த ஆள், யாருக்கெல்லாம் சாப்பாடு சொல்லணும் என்று கத்தினார்.

இவன் நிமிர்ந்து பார்த்து, ஒன்று என்று காட்டினான்.